இலக்கண வகுப்பும் அறியாவினாவும்

இலக்கணம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகங் கோணாத மாணாக்கர் மிகச் சிலரே ஆவர். செய்யுட் பாடத்தில் மகிழ்ந்திருப்பாரும், கதைப் பாடத்தில் தம்மை மறந்திருப்பாரும், இலக்கண நூலைத் திறக்குங்கால் கடிகாரத்தை நோக்கத் தொடங்குவர். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் எம்மை நோக்கி, "மூன்றாண்டும் இதனையோ கற்கின்றீர்கள்?" என இரங்கி வினவும் நண்பர் நம் கல்லூரியிற் பலர் உளர். இவ்வெறுப்பு இலக்கணத்தின் இயல்பால் வந்ததா, அன்றி அதனைக் கற்பிக்கும் முறையால் வந்ததா என்பது ஆராயத்தக்கது.

யாம் ஆசிரியர் அல்லேம்; கற்பிக்கும் கலையை முறையாகப் பயின்றேமும் அல்லேம். எனினும், சென்ற ஆண்டிற் சில மாலைப் பொழுதுகளில் ஆசிரியர் நிற்கும் இடத்தில் நிற்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. அங்கே யாம் அடைந்த தோல்வியும், அத்தோல்வியாற் பெற்ற தெளிவுமே இக்கட்டுரைக்குக் காரணமாம். நம் கல்லூரியில் இன்று பயில்வாருட் பலர் நாளை ஆசிரியராவர். ஆதலின் இஃது அவர்கட்குச் சிறிதேனும் பயன்படும் என நம்புகின்றோம்.

முதல் மாலை

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், கல்லூரிக்கு அண்மையில் உள்ள ஒரு சிற்றூரில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதவிருந்த பிள்ளைகட்கு மாலை வகுப்பு நடத்தப்பெற்றது. தமிழ்ப் பாடம் எம் வகுப்பினர் மூவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. பிள்ளைகள் பதினெண்மர், கரும்பலகை ஒன்று, மின்விளக்கு இரண்டு. "இவர்கள் எழுத்திற் சந்திப்பிழையே மிகுதி, முதலில் அதனைக் களையுங்கள்" என்று எமக்கு முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது.

யாமும் பெருமிதத்தோடு சென்றோம். வல்லினம் மிகும் இடங்கள் பன்னிரண்டும், மிகா இடங்கள் பத்தும் நிரல்பட எழுதிக்கொண்டு சென்று, கரும்பலகை நிறைய எழுதினோம். ஒவ்வொரு விதிக்கும் ஓர் உதாரணங் காட்டினோம். பிள்ளைகள் எழுதிக்கொண்டனர், உரக்கச் சொன்னார்கள், வினவியபோது பலர் பிழையின்றி ஒப்பித்தனர். ஒரு மணி நேரத்தில் ஒற்றுப்பிழையை அவ்வூரினின்று ஓட்டிவிட்டோம் எனக் களித்துத் திரும்பினோம்.

மறுநாள், தலைமையாசிரியருக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் எழுதுமாறு பணித்தோம். தாள்களைத் திருத்தத் தொடங்கியபோது எம் களிப்பு அடங்கிற்று. சிலர் தாளில் ஒற்று எங்குமே இல்லை. ஒரு சிறுவன் தாளிலோ எங்கும் ஒற்று மயம். 'நல்லப் பாடம்', 'வந்தப் பையன்', 'பெரியக் குடம்' என, வேண்டாத இடமெல்லாம் மெய்யெழுத்துக்கள் நின்றன. காரணம் வினவினோம். அவன் சிறிதும் ஒளியாமல், "எங்கே போடுவது என்று தெரியவில்லை அண்ணா. விட்டால் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். அதனால் எல்லா இடத்திலும் போட்டேன்" என்றான். பின்னர்த் தலைகுனிந்து, "எங்களுக்குத் தமிழ் வராது அண்ணா" என்றான்.

தாய்மொழி தமிழேயாகிய ஒரு பிள்ளை, பதினைந்து ஆண்டு அதனைப் பேசிய பின்னர், அது தனக்கு வாராது என்று கூறுதல் எத்துணைத் துன்பந் தருவது! அன்றிரவு திரும்பும் வழியில் எம்முள் ஒருவர் திடீரென நின்று, "அவன் சொன்னதைக் கவனித்தீர்களா? 'எங்களுக்குத் தமிழ்' என்றானே!" என்றார். உண்மையே. நான்காம் வேற்றுமை உருபின்பின் வல்லினம் மிகும் என்னும் விதியை யாம் முன்னாள் ஐந்தாவதாக எழுதியிருந்தோம். தாளில் அதனை அறியாதவன், அதனை அறியேன் என்று சொல்லும் வாக்கியத்திலேயே தகர ஒற்றை ஐயமின்றி ஒலித்தான். அவன் நாவில் விதி இருந்தது. அவன் அறிவில் இல்லை. அவற்றை இணைப்பதன்றோ ஆசிரியர் தொழில்? யாம் செய்தது அதுவன்று. அவனிடம் உள்ளதைக் காணாமல், இல்லாதது போலக் கருதி, வெளியிலிருந்து பன்னிரண்டு விதிகளைக் கொட்டினோம்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், ஆசிரியர் ஆகாதார்க்குக் கழற்காய் பெய்த குடத்தை ஓர் உவமையாகக் காட்டுகின்றார். அக்குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறையன்றி எல்லாக் காய்களும் ஒருங்கே பிறழ்ந்து விழும். அவ்வுவமையைத் தேர்வுக்காகப் பன்முறை எழுதியிருந்தோம். அது எம்மைக் குறித்ததென்பதை அன்றே உணர்ந்தோம்.

விதி முன்னோ, காட்டு முன்னோ?

இலக்கணங் கற்பிக்கும் முறையைக் கல்வியியலார் இரண்டாகப் பகுப்பர். விதியை முதலிற் கூறிப் பின்னர் உதாரணங்களால் அதனை விளக்குவது விதிவிளக்க முறை. உதாரணங்களை முதலில் வைத்து, அவற்றை ஒப்புநோக்கி மாணாக்கரே விதியைக் காணுமாறு செய்வது விதிவரு முறை. முன்னது காலத்தைச் சுருக்கும். பாடப்பகுதியை விரைவில் முடிக்க உதவும். பின்னது காலம் வேண்டுவது. ஆயினும் தானே கண்ட விதியை மாணாக்கன் எளிதில் மறவான்.

நம் முன்னோர் முறை முன்னதே என்றும், நெட்டுருவே அவர்கள் அறிந்த ஒரே வழி என்றும் சிலர் கூறுவர். யாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். நன்னூலை மீண்டும் புரட்டிய போது அவ்வெண்ணம் நிலைபெறவில்லை. ஏடு அரிதாயிருந்த காலத்தில், கற்றதை நெஞ்சமே ஏடாகத் தாங்க வேண்டியிருந்தது. சூத்திரம் செய்யுளாய்ச் சுருங்கி அமைந்தது அதன்பொருட்டே. ஆனால், சூத்திரம் தனித்து நிற்பதன்று. காண்டிகையுரைக்கு இலக்கணங் கூறுமிடத்து, சூத்திரத்தின் கருத்து, சொற்பொருள், காட்டு என்னும் மூன்றனோடு வினாவும் விடையும் அமைதல் வேண்டும் என்கின்றது அந்நூல். அன்றியும், இலக்கியத்தைக் கண்டே இலக்கணங் கூறப்படும் என்பது பழையோர் துணிபு. விதி மொழியிலிருந்து பிறப்பது. மொழி விதியிலிருந்து பிறப்பதன்று. ஆகவே, காட்டிலிருந்து விதிக்குச் செல்லும் வழி மேனாட்டார் தந்த புதுமையன்று. விதி பிறந்த வழியே அதுவாம். நாம் சூத்திரத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, காட்டையும் வினாவையும் கைவிட்டோம். பின்னர்ச் சூத்திரத்தைக் குறை கூறுகின்றோம்.

வினாவைக் கைவிட்டோம் என்றது ஏன் எனின், கூறுவாம். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்துள்ளார். தான் அறிந்ததைப் பிறர் அறிவாரோ எனக் காணும்பொருட்டும், அறிவிக்கும்பொருட்டும் வினவுவது அறிவினா. தான் அறியாததை அறியும்பொருட்டு வினவுவது அறியாவினா. இவற்றோடு ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பனவும் உள. இப்பகுதிக்கு உதாரணங் கூறுவார், ஆசிரியர் மாணாக்கனை வினவுவதை அறிவினாவிற்கும், மாணாக்கன் ஆசிரியரை வினவுவதை அறியாவினாவிற்கும் காட்டுவது வழக்கம். எம் முதல் மாலை வகுப்பை எண்ணிப் பார்த்தோம். அங்கே எழுந்த வினா எத்தனை? நாற்பதுக்குக் குறையா. அவற்றுள் அறியாவினா எத்தனை? ஒன்றேனும் இல்லை. வினவியவர் அனைவரும் விடை தெரிந்த யாமே. விடை தெரியாதார் பதினெண்மரும் வாய் திறந்தது எம் வினாவிற்கு விடை கூறவே. இது வகுப்பாகுமா?

சென்ற நூற்றாண்டுகளில் எழுந்த வினாவிடை இலக்கணங்களை ஈண்டு நினைத்தல் தகும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இலக்கணத்தைத் தெளிந்த உரைநடையில் இலக்கணச் சுருக்கமாகவும், சிறுவர் பயிலுமாறு இலக்கண வினாவிடையாகவும் ஆக்கித் தந்தார். ஜி. யு. போப்பையரும் (1820–1908) சிறுவர்க்கென வினாவிடை வடிவில் இலக்கண நூல் எழுதினார். சூத்திரத்தின் அருமையைக் கண்டு அஞ்சிய இளம்பிள்ளைகட்கு இவர்கள் செய்த உதவி பெரிது. ஆயினும், இந்நூல்களின் வினாவும் அறிவினாவே. நூலே வினவி நூலே விடை கூறிவிடுகின்றது. அதனை ஒப்பித்தலோடு வகுப்பு நிறைவுறுமாயின், மாணாக்கன் தன் வினாவை எங்கே வைப்பான்? குறை நூலினது அன்று. நூல் முடித்த இடத்திலேயே பாடத்தையும் முடிக்கும் வகுப்பினது.

பிறமொழியாளர் கற்ற வழி

இலக்கணத்தை விரும்பிக் கற்றார் எவர் என நோக்கின், நம் நாட்டிற்கு வந்த சமயத்தொண்டர் சிலர் நினைவிற்கு வருகின்றனர். 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், அப்பொழுது இருபத்து நான்கு ஆண்டும் நிரம்பாத இளைஞர். தமிழ் உபாத்தியாயர் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் இல்லத்திற்கு வருவித்து, அப்பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிப் பழகினார். பத்தாண்டில், 1716இல், இலத்தீன் மொழியில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் செருமனி நாட்டு ஆலே நகரில் அச்சேறியது. இத்தாலி நாட்டு வீரமாமுனிவரோ (1680–1747) செந்தமிழுக்குத் தொன்னூல் விளக்கம் என ஐந்திலக்கண நூலும், மக்கள் வாய்மொழியாகிய கொடுந்தமிழுக்கு இலத்தீன் மொழியில் வேறோர் இலக்கணமும் இயற்றினார். பின்னதை 1738இல் அச்சிட்டவர், சமயவாதத்தில் அவரோடு மாறுபட்டு நின்ற தரங்கம்பாடியாரே. இலக்கணத்தின் பயன் பகையையும் கடந்து நின்றது.

இவர்கள் வரலாற்றினின்று நம் வகுப்பறைக்குப் பெறத்தக்கவை இரண்டு. ஒன்று: இவர்கள் ஒவ்வொருவரும் அறியாவினா நிறைந்த நெஞ்சினராய் வந்தனர். நேற்றுக் கேட்ட சொல் இன்று வேறு ஈற்றோடு வரக் கண்டு, 'ஏன்?' எனத் தாமே வினவினர். விதி அவ்வினாவிற்கு விடையாகக் கிடைத்தது, ஆதலின் இனித்தது. மற்றொன்று: வீரமாமுனிவர் வாய்மொழிக்கும் இலக்கணம் உண்டெனக் கண்டார். வீட்டிற் பேசும் தமிழைப் பிழைக்குவியல் என அவர் தள்ளவில்லை. அதற்கும் ஒழுங்கு உண்டென அறிந்து எழுதினார்.

எனினும் ஒரு வேற்றுமை உண்டு. பிறமொழியாளர்க்கு எழுதிய இலக்கணம், அவரிடம் இல்லாததைத் தருவது. வேற்றுமையுருபையும் வினைவிகற்பத்தையும் அடைவே அடுக்கிக் காட்டுவது. நம் பிள்ளைகட்கோ மொழி முன்னரே உண்டு. நான்கு வயதுக் குழந்தையும் 'அவனைப் பார்த்தேன்' என்பதை வீட்டு வழக்கிற் சொல்லுங்கால் பகர ஒற்றை ஒலிக்கின்றது. அதற்கு அயலார்க்குரிய அடைவை முதலில் நீட்டுதல், வீட்டிலிருப்பவனுக்கு வீட்டின் வழி கூறுதல் போலாம். அவனுக்கு வேண்டுவது வழியன்று; விளக்கு.

மூன்றாம் மாலை

இத்தெளிவோடு மூன்றாம் மாலை சென்றோம். பழைய விதிகள் எவற்றையும் எழுதவில்லை. 'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்னும் இரண்டை மாத்திரம் கரும்பலகையில் எழுதி, "இவற்றுள் எது முருகன் கையில் உள்ளதைக் கேட்பது?" என்றோம். சிறிது நேரம் அமைதி. பின்னர்ப் பலர் வாயசைத்துச் சொல்லிப் பார்த்தனர். "இரண்டாவது!" என்று ஒரு பெண் கூறினாள். "எப்படித் தெரிந்தது?" என்றோம். "சொல்லிப் பார்த்தேன்" என்றாள். அவ்விடையினும் சிறந்த விடை வேண்டுவதில்லை. ஓர் ஒற்றெழுத்துப் பொருளை மாற்றும் என்பதை விதி கூறாமலே அனைவரும் கண்டனர். வேல் என்பதனோடு ஐயுருபு வெளிப்பட நின்றபோது வல்லினம் மிக்கது என்பதையும், தொழிலைக் குறிக்கும் வேலை என்னுஞ் சொல்லின் ஈற்றில் உள்ள ஐ உருபன்று என்பதையும் பின்னரே கூறினோம்.

அடுத்து, 'வந்து', 'எடுத்து', 'செய்து', 'படித்து' என்னும் நான்கு சொற்களையும் எழுதி, ஒவ்வொன்றன் பின்னும் 'கொடுத்தான்' என்பதைச் சேர்த்துத் தம் வீட்டிற் பேசுமாறே பேசச் சொன்னோம். 'எடுத்து', 'படித்து' என்பவற்றின்பின் நா தானே ககரத்தை அழுத்துவதையும், 'வந்து', 'செய்து' என்பவற்றின்பின் அழுத்தாமையையும் அவர்களே கேட்டனர். செய்து என்பதனைச் 'செஞ்சு' என்று சொன்ன சிறுவன் நாணி நின்றான். "நாண வேண்டா, நீ சொன்னதிலும் ககரம் அழுந்தவில்லை, பார்த்தாயா? உன் வீட்டுத் தமிழுக்கும் அதே கட்டுப்பாடு உண்டு" என்றோம். அவன் முகம் மலர்ந்தது.

அப்பொழுதுதான், எங்கும் ஒற்றிட்ட அச்சிறுவன் கையை உயர்த்தினான். "அண்ணா, நான்கும் 'து' என்றுதானே முடிகின்றன? இரண்டில் மட்டும் ஏன் வருகிறது?" என்றான். யாம் மூவரும் ஒருவரை ஒருவர் நோக்கினோம். அவ்வகுப்பில் எழுந்த முதல் அறியாவினா அதுவே.

விடையை உடனே கூறாமல், "து என்பதன் முன் நிற்கும் எழுத்துக்களைப் பாருங்கள்" என்றோம். எடுத்து, படித்து என்பவற்றில் தகர மெய்; அது வல்லினம். வந்து என்பதில் நகர மெய், அது மெல்லினம். செய்து என்பதில் யகர மெய், அது இடையினம். வல்லினத்தைத் தொடர்ந்து உகரம் வந்தால் அடுத்தும் வல்லினம் மிகுகின்றது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிட்டனர். அதன் பின்னரே, வன்றொடர்க் குற்றியலுகரம், மென்றொடர்க் குற்றியலுகரம், இடைத்தொடர்க் குற்றியலுகரம் என்னும் பெயர்களைக் கூறினோம். முதல் மாலையில் அச்சந் தந்த அப்பெயர்கள், இப்பொழுது தாம் கண்ட பொருளுக்கு இட்ட பெயர்களாய் நின்றன. குழந்தையைக் கண்ட பின்னர்ப் பெயரிடுவதே உலக வழக்கன்றோ? பெயரை முதலிற் கூறிக் குழந்தையைத் தேடச் சொன்னது எம் பழைய முறை.

அம்மாலையே யாமும் ஒன்று கற்றோம். எட்டு, பத்து என்னும் எண்ணுப்பெயர்களின்பின் வல்லினம் மிகும் என்பது யாம் மனப்பாடமாகக் கற்ற தனி விதி. அதனையும் ஈற்றிற் கூறி முடிக்க எண்ணி, 'எட்டுப் பேர்', 'பத்துப் பேர்' என எழுதினோம். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "ஒன்பது பேர் என்பதில் ஏன் இல்லை?" என வினவினாள். 'மிகாது என்பது விதி' என்று கூற வாயெடுத்தோம், எனினும் அடக்கிக்கொண்டு, நூலார் கருதிய பொருளிற் சிறிது விலகியேனும், வினாவிற்கு எதிர்வினாவையே விடையாக்கி, "நீயே சொல், எட்டு என்பதில் டு என்பதன் முன் நிற்பது எது?" என்றோம். அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பவற்றில் மெல்லெழுத்து. ஆறு என்பதில் நெட்டெழுத்து. ஒன்பது என்பதில் பகர உயிர்மெய். எட்டிலும் பத்திலும் மாத்திரம் வல்லெழுத்து! "அப்படியானால் இதுவும் அதே விதிதானே அண்ணா? ஏன் தனியாகச் சொன்னீர்கள்?" என்றாள். ஏழு என்பது குற்றியலுகரமே அன்று, முற்றியலுகரம் எனக் கூறி அவள் அடைவை நிறைவு செய்தோம். அவ்வளவே எம்மால் இயன்றது. இரு விதிகளாக யாம் பல்லாண்டு சுமந்ததை ஒன்றாக்கித் தந்தவள் அவளே.

செவி காட்டாத இடங்கள்

இவ்வாறு கூறியதால், விதிவரு முறை ஒன்றே போதும் என்பது எம் கருத்தன்று. செவி வழிகாட்டும் இடமும் உண்டு. வழி தவறச் செய்யும் இடமும் உண்டு. லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும், னகர ணகர வேறுபாடும் பலர் வாயில் மயங்கிவிட்டன. 'சொல்லிப் பார்' என்றால், தவறாகச் சொல்லித் தவறாகவே எழுதுவர். 'மாடுகள் வந்தது' என்பது பேச்சில் இயல்பு. எழுத்தில் 'மாடுகள் வந்தன' என்றே வரல் வேண்டும். 'அது அன்று', 'அவை அல்ல' என்னும் வேறுபாட்டை வீட்டிற் கேட்ட பிள்ளை அரிது. இவ்விடங்களில் விதியை நேரே கூறிப் பலகாற் பயிற்றுவதே நேர்வழி. வீட்டில் தெலுங்கோ, கன்னடமோ, சௌராட்டிரமோ, உருதுவோ பேசும் பிள்ளைகளும் நம் தமிழ் வகுப்புக்களில் உளர்; அவர்கள் செவி வேறு வகையிற் பழகியது. அவர்கட்குச் 'செவியைக் கேள்' என்பது உதவியாகாது. காட்டுக்கள் மிகுதியாக வேண்டும்.

மனப்பாடத்தையும் யாம் பழித்தோம் அல்லேம். பொருள் விளங்கிய பின்னர்ச் சூத்திரத்தை நெஞ்சிற் பதித்தல், ஈட்டிய பொருளைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் போலாம். வெறும் பெட்டியைப் பூட்டுதலே வேண்டாதது.

இம்முறைக்குக் காலம் மிகுதியும் வேண்டும் என்பதும் உண்மையே. பன்னிரண்டு விதிகளை ஒரு மாலையிற் கூறிய யாம், இம்முறையில் ஒரு மாலைக்கு ஒன்றிரண்டையே கண்டோம். தேர்வு நெருங்கும்போது ஆசிரியர்க்கு இஃது இயலாதெனத் தோன்றும். ஆயின், பன்னிரண்டும் ஓரிரவிற் கழன்று வீழ, இரண்டே நிலைத்து நிற்குமாயின், எது சுருக்கவழி எனச் சிந்தித்தல் வேண்டும்.

செய்யத்தக்கவை

எம் சிற்றறிவிற்குப் புலப்பட்டவற்றைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாவது, பாடத்தை மாணாக்கர் எழுத்தினின்றே தொடங்குதல். அவர்கள் கட்டுரையிலும் கடிதத்திலும் மிகுதியாகக் காணும் பிழை ஒன்றைத் தேர்ந்து, எழுதியவர் பெயரைக் கூறாமல், அதனையே அன்றைய பாடமாக்கலாம்.

இரண்டாவது, ஒரு முறைக்கு ஒரு விதி. அதற்கும் ஒத்த காட்டுக்களோடு ஒவ்வாத காட்டையும் உடன் வைத்தல். 'பாம்புக் குட்டி' என்பதனருகில் 'பாம்பு கடித்தது' என்பது நின்றாலன்றி, தொகைக்கும் எழுவாய்த் தொடருக்கும் உள்ள வேறுபாடு விளங்காது. மாறுபாட்டைக் கண்ட இடத்திலேயே வினா முளைக்கும்.

மூன்றாவது, குறியீட்டுப் பெயரைப் பொருளின் பின்னர்க் கூறுதல்.

நான்காவது, தேர்ச்சியை ஒப்பித்தலால் அளவாமல் எழுத்தால் அளத்தல். 'வல்லினம் மிகும் இடங்கள் யாவை?' என்பதற்கு முழு மதிப்பெண் பெற்றவன், விண்ணப்பம் ஒன்றைப் பிழையற எழுத இயலாதாயின், அம்மதிப்பெண்ணால் அவனுக்கு விளைந்த பயன் யாது?

ஐந்தாவது, வீட்டுத் தமிழை இகழாமை. எழுத்துத் தமிழ் வேறு இடத்திற்குரிய உடை எனக் காட்டலாம். வீட்டுடையைக் கந்தல் எனக் கூறுதல் ஆகாது. இகழப்பட்ட பிள்ளை வாய் மூடும். மூடிய வாயினின்று வினா எழாது.

இறுதியாக, ஒவ்வொரு வகுப்பிலும் சில நிமிடங்களை மாணாக்கரின் அறியாவினாவிற்கென ஒதுக்குதல். விடை தெரியாதபோது, 'தெரியவில்லை. பார்த்து நாளைக் கூறுவோம்' என ஆசிரியர் கூறின், அவர் பெருமை குறையாது. அறியாமையை ஒப்புக்கொள்ளும் வழியை மாணாக்கர் அவரிடமே கற்பர்.

முடிவு

தேர்வுக்கு முந்திய மாலையில் அச்சிறுவனிடம் மீண்டும் அதே விண்ணப்பத்தை எழுதச் சொன்னோம். பிழை முற்றும் நீங்கிற்று எனக் கூறின் பொய்யாகும். எழுதி முடித்தபின் அவன் அதனை மெல்ல வாய்விட்டுப் படித்தான், ஓரிடத்தில் நின்றான், மீண்டும் படித்தான், வேண்டாத ஓர் ஒற்றைத் தானே அடித்தான். அவ்வாறே மூன்றிடங்களில் அடித்தான். யாம் சிவப்பு மை தொடும் முன்னரே அவன் தன் எழுத்துக்குத் தானே ஆசிரியனாயினான். 'தமிழ் வராது' என்ற சொல்லை அதன்பின் அவனிடம் யாம் கேட்கவில்லை.

ஆசிரியர் கூறியதை நன்கு கேட்பவனும் கல்வியில் காற்பங்கே பெறுவான் என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு பெறுவான் என்றும், எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்றும் நன்னூலின் பாயிரம் கணக்கிட்டுக் காட்டுகின்றது. இக்கணக்கை யாம் முதலாண்டிலேயே எழுதி மதிப்பெண் பெற்றோம். அதன் உண்மையை அறிந்தது அச்சிற்றூரில், எட்டையும் பத்தையும் ஒரு பெண் விரல்விட்டு எண்ணியபோதே. எமக்குரிய அரைப்பங்கில் ஒரு சிறு கூறு அம்மாலையிற் கிடைத்தது. எஞ்சியதைப் பெற வேண்டுமாயின், கற்பிக்கச் செல்லுதல் வேண்டும். இவ்வாண்டும் அவ்வூர்ப் பிள்ளைகட்கு மாலை வகுப்பு நடைபெறவிருக்கின்றது. தமிழ்ச் சிறப்பு வகுப்பினரேயன்றி, பிற வகுப்பு நண்பரும் எம்மோடு வரலாம். விடைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டா. பிள்ளைகள் வினவும் வரை பொறுத்திருக்கும் பொறுமை ஒன்றே போதும்.